எதிர்க்கட்டில்

முதலில் காலில் செருப்பு நிற்கவில்லை. ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ரில் குப்பைப் பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பினேன். இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்துவிட்டது. அது இல்லாமலே ஏழெட்டு அடி நடந்து வந்திருக்கிறேன். வெறுங்கால் தரையில் பட்டது எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதச் சொன்னது என் மனைவி சரோ. போன மாதம் ஒஷாவாவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் ரெலிபோன் எடுத்தார். தன் தமையனுக்கும் இதே வருத்தம் என்று டொக்டர் சொல்லுகிறாராம், ஆள் தப்புமோ, திரும்ப நடக்குமோ என்று கேட்டார். நான் தப்பினேன், இப்போது தடி இல்லாமல் நடக்கிறேன், வேலைக்கும் போகிறேன் என்று சொன்னேன். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். போனை வைத்ததும் சரோ சொன்னாள்.

"இனி ஆரும் கேட்டா எழுதி வைச்சதைக் குடுங்கோ. ஆனால் எழுதினா முழுக்க எழுதவேணும்."

முழுக்க என்று அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதுகிறேன்.

அது எண்பத்தேழாம் ஆண்டுப் பனிக்காலம். அதற்கு இரண்டு கிழமை முன்னர் எனக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்து மாறியிருந்தது. செருப்புக் கழன்றதற்கு அடுத்த நாள் பாதங்கள் விறைத்தன. குளிர்தானே என்று இரண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு பிளாஸ்ரிக் பக்டரிக்கு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் காலை பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க ஏலவில்லை. பின்னால் நின்ற சனம் பொறுமையாகத்தான் நின்றது. ட்ரைவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்து நடைபாதையில் இருத்திவிட்டுப் போனார். அங்கிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனது சரோவின் தமையன்.

அவசரப் பிரிவில் ஏழு மணித்தியாலம் இருந்தோம். பனியில் விழுந்து கை முறிந்தவர்கள், இருமுகிற பிள்ளைகள், எல்லாருடைய சப்பாத்திலிருந்தும் உருகி ஓடிய அழுக்குத் தண்ணீர். கடைசியில் ஒரு இளம் டொக்டர் வந்து என் முழங்காலில் ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. மற்றக் காலிலும் தட்டினார். பிறகு கை மணிக்கட்டில் தட்டினார். அவருடைய முகத்தைப் பார்த்தபோது இது சின்ன வருத்தம் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. எப்படி விளங்கியது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லவேண்டும்.

நான் பதினேழு வருஷம் இலங்கை ஆமியில் மருந்து கட்டினவன். இருபது வயதில் சேர்ந்தேன். அப்போது தமிழர் சேருவது ஒரு புதினம் இல்லை, அரசாங்க உத்தியோகம் என்று என் தகப்பனார் ஊருக்கெல்லாம் சொன்னார். துவக்குப் பிடித்தது பயிற்சியில் மட்டும்தான். மற்றபடி புண் கழுவுவது, ஊசி போடுவது, வயிற்றோட்டத்துக்குக் கரைசல் கலப்பது. கடைசி இரண்டு வருஷமும் வடக்கில் கடலோரமாக இருந்த ஒரு காம்பில் இருந்தேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்புக்கு வெளியே இருந்த எங்கள் வீட்டைக் கொளுத்தினார்கள், அரசாங்கம் பார்த்துக்கொண்டு நின்றது. சரோவையும் மகள் வாணியையும் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. நான் அந்த நேரம் அதே அரசாங்கத்தின் சீருடையோடு காம்பில் நின்றேன், லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் விலகி வந்துவிட்டேன்.

ரொறன்ரோவில் இதை ஒருவருக்கும் நாங்கள் சொல்லவில்லை. கொழும்பில் ஆஸ்பத்திரி வேலை என்று சொன்னோம். தமிழ்ச் சனத்துக்கு ஆமி என்ற சொல்லின் அர்த்தம் அந்த நாட்களில் எப்படி இருந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை.

அன்று பின்னேரம் முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஆள் றால் மாதிரிச் சுருண்டு படுக்கவேண்டும், அசையக்கூடாது. எத்தனையோ பெடியளை நான் அப்படிச் சுருட்டிப் பிடித்திருக்கிறேன். என்னைப் பிடித்தவள் மிஸிஸ் கிளார்க் என்ற ஜமேக்கா நேர்ஸ், பெரிய கைகள். "பிறீத், மை டியர், பிறீத்" என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு நரம்புப் பரிசோதனை. கையிலும் காலிலும் சின்னச் சின்னதாகக் கரண்ட் அடித்து, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு அது ஊர்ந்துதான் போனது.

வருத்தத்தின் பெயர் கியான்-பறே. இரண்டு பிரெஞ்சு டொக்டர்மாரின் பெயராம். வயிற்றோட்டம் மாதிரி ஏதாவது கிருமி வந்து போன பிறகு, அதை எதிர்க்க உடம்பு செய்த எதிர்ப்பொருள் ஆள்மாறி, சொந்த நரம்புகளின் மேல் உறையையே தின்னத் தொடங்கும். காலில் தொடங்கி மேலே ஏறும். தானாக நிற்கும், தானாகத் திரும்பும், ஆனால் எங்கே வந்து நிற்கும் என்று ஒருவராலும் சொல்ல ஏலாது. மூச்சுத் தசை வரை ஏறினால் மெசினில் போடவேண்டும். டொக்டர் இதையெல்லாம் கட்டில் விளிம்பில் இருந்து ஆறுதலாகச் சொன்னார். ஒரு சதமும் கேட்காமல் ஒரு டொக்டர் இவ்வளவு நேரம் இருந்து கதைத்தது சரோவுக்கு நம்ப முடியவில்லை. அவர் போன பிறகும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், பில் கொண்டுவர ஆள் வரும் என்று.

என்னை இரண்டு கட்டில் உள்ள ஒரு அறையில் விட்டார்கள். எதிர்க்கட்டிலில் கிடந்தவர் தமிழர். மிஸிஸ் கிளார்க்குக்குச் சந்தோசம், ஒரு பாசைக்காரர் இரண்டு பேரையும் ஒன்றாய்ப் போட்டுவிட்டேன் என்று.

அவர் பெயர் தவராசா, தவம் என்று கூப்பிடுவார்கள். முப்பது வயது இருக்கும். வலது தொடையில் முன்னொரு காலம் வெடி பட்டு எலும்பு முறிந்து, ஏதோ ஒரு பற்றைக்குள் வைத்து மட்டை கட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். எலும்பு ஒட்டியது, ஆனால் அதற்குள் சீழ் நின்றுவிட்டது. கனடாவுக்கு வந்து ஒரு வருஷத்தில் அது உடைத்துக்கொண்டது. வெட்டித் துப்புரவாக்கி, ஆறு கிழமைக்கு நாளும் பொழுதும் இரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் ரியூப், காலில் இரும்புச் சட்டம்.

நாலாம் நாள் எனக்குக் கைகளும் விழுந்துவிட்டன. கதைக்கலாம், விழுங்கலாம், தலையைத் திருப்பலாம், அவ்வளவுதான். தவத்துக்குக் கையிருந்தது, இங்கிலிஷ் இல்லை. ஆகவே வேலையைப் பங்குபோட்டுக்கொண்டோம். அவருடைய டொக்டர் வந்தால் நான் படுத்தபடியே மொழிபெயர்ப்பேன். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு வந்தால், அவர் காலை முன்னுக்கு நீட்டியபடி வீல்செயரை உருட்டிக்கொண்டு வந்து கரண்டியால் என் வாயில் தீத்துவார்.

சரோ தையல் பக்டரியில் ஐந்து மணிவரை வேலை. பிறகு வாணியைத் தமையன் வீட்டில் விட்டு, பஸ்ஸும் சப்வேயும் பிறகு இன்னொரு பஸ்ஸும் எடுத்து வருவாள். கையில் புட்டும் மீன் குழம்பும் இருக்கும். வந்தவுடன் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் என் பாதத்தைத் தொடுவாள். எனக்குச் சூடும் தெரியாது குளிரும் தெரியாது என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

"எனக்குத் தெரியும்தானே" என்பாள்.

இரண்டாம் நாளே அவள் எனக்கு மெதுவாகச் சொல்லியிருந்தாள். "உந்தப் பெடியன் இயக்கத்தில இருந்தவனாம். வாயைக் காத்துக்கொள்ளுங்கோ."

வாயைத் தவிர வேறொன்றும் அசையாத மனிதனுக்கு அது பெரிய கட்டளை.

தவம் கதைகாரன். கரண்டியை ஊதி ஊதித் தீத்திக்கொண்டே சொல்லுவார். பயிற்சி முகாமில் பதினொரு பேருக்கு நாலு நல்ல சேட், வெளியே போகிறவன்தான் போடலாம். தலையில் பேன். றோந்து வரும்போது ஆமியைவிட ஊர் நாய்களுக்குத்தான் அவர்கள் கூடப் பயந்தார்களாம், நாய் குரைத்தால் எல்லாம் முடிந்தது. ஒரு நாயை மட்டும் கருவாட்டுத் தலை கொடுத்துப் பழக்கியதை அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பில் சூப் மூக்கால் வந்தது.

நான் கேட்டுக்கொண்டு கிடப்பேன். எனக்கும் சொல்ல இருந்தது. தெற்கில் ஏதோ ஒரு வயற்காட்டிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெடியள், சம்பளத்தில் முக்கால்வாசியை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள், பனங்காட்டை வாழ்க்கையில் கண்டிராதவர்கள். காற்றில் காய்ந்த ஓலை உரசும் சத்தம் அவர்களுக்கு ஆள் நடக்கிற மாதிரிக் கேட்கும். காவல் முடிந்து வந்து, நித்திரைக் குளிசை தாங்கோ என்று என்னிடம் நிற்பார்கள். இவற்றை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

ஏழாம் நாள் மத்தியானம் தட்டில் இரண்டு துண்டுப் பாண் இருந்தது. தவம் ஒன்றைப் பிய்த்து சூப்பில் தோய்த்தபடி சிரித்தார்.

"பாணைக் கண்டா எனக்கு ஒரு காம்ப்தான் ஞாபகம் வரும் அண்ணை. கடற்கரைப் பக்கம் இருந்தது. அதுக்குள்ள எத்தினை ஆமி எண்டு அறியவேணும். எங்களுக்கு ஆர் சொல்லுவினம்? பேக்கரியில எங்கட ஆள் ஒருத்தனைச் சேர்த்து விட்டம். ஒவ்வொரு நாளும் லொறியில எத்தினை றாத்தல் பாண் ஏறுது எண்டு அவன் எண்ணுவான். இருநூற்றி ஐம்பது றாத்தல். ஒராளுக்கு அரை றாத்தல் எண்டா ஐந்நூறு பேர். ஆறு மாசம் நாங்கள் அந்தப் பக்கமே தலை வைச்சுப் படுக்கேல்லை."

"ஐந்நூறோ?" என்றேன் வாய்க்குள் பாணோடு. "எண்பது பேர்கூட இல்லை. ஆள் கனக்க எண்டு காட்டத்தான் அவ்வளவு பாணும் எடுப்பிச்சது. பாதி காகத்துக்குத்தான் போனது."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்குக் கேட்டது நான் சொன்னது.

தவத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அது உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆரோ சொன்னது, பேப்பரில் பார்த்தது, ஏதாவது. ஆனால் நாலு நாளாக அந்தக் கைதான் எனக்குச் சோறு தந்தது.

"நான் அந்தக் காம்பில இருந்தனான். ஆமியில. மருந்து கட்டுற வேலை."

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். என் வாயைத் துடைத்தார், அதை மறக்கவில்லை. பிறகு வீல்செயரைத் திருப்பினார். நீட்டிய காலோடு அந்த ஒடுக்கத்துக்குள் திருப்ப, முன்னும் பின்னுமாக மூன்று தரம் உருட்டவேண்டியிருந்தது. அந்த நேரம் முழுவதும் அவர் என் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டதை நான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தன் கட்டிலில் ஏறி இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள திரையை இழுத்து மூடினார்.

இரண்டு நாள் ஒரு சொல் இல்லை. ஆஸ்பத்திரி உதவிப் பெண் அவசரம் அவசரமாகத் தீத்திவிட்டு ஓடினாள். சரோவுக்கு நான் நடந்ததைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. வழக்கம்போல இரண்டு பங்காகக் கொண்டுவந்த புட்டில் ஒன்றை எடுத்துத் திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.

"வேண்டாம் அக்கா" என்று கேட்டது.

"கோபம் அவரோட. புட்டோட என்ன கோபம்?" என்று அவள் வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தவத்தைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். திரைக்குக் கீழால் அவர்களுடைய பனிச் சப்பாத்துகள் தெரிந்தன. ஒருவரை ரவி என்று கூப்பிட்டது கேட்டது. அந்த ரவி என்பவர் குரலைக் குறைத்து, "பக்கத்தில கிடக்கிறது தமிழ் ஆளாமே, ஆர்?" என்று கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எழும்பி ஓட ஏலாது, கையை உயர்த்தி முகத்தை மறைக்கக்கூட ஏலாது. அப்படி ஒரு பயத்தை நான் காம்பிலும் பட்டதில்லை.

"ஆரோ ஒரு வருத்தக்காரர்" என்றார் தவம். "விசாரிக்கேல்லை."

இந்த நாட்களில் நேர்ஸ் நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் வந்து மூச்சைச் சோதிப்பாள். ஒரு மூச்சு இழுத்து அந்த ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறேன் என்று பார்ப்பாள். முப்பதுக்கு மேல் போனது சனிக்கிழமை இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. ஞாயிறு பதினெட்டு. திங்கள் காலை பதினாலு. டொக்டரைக் கூப்பிடப் போகிறேன் என்று நேர்ஸ் போனாள். கன்னத்தால் அழுத்தக்கூடிய மாதிரி ஒரு மணியைத் தலையணையில் வைத்திருந்தார்கள். நான் தலையைத் திருப்பியபோது அது நழுவிக் கீழே விழுந்தது.

மூச்சு முட்டுவது என்பது கழுத்தை நெரிப்பது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. யாரோ நெஞ்சில் ஒரு மூட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பிறகு இன்னொன்றை வைக்கிறார்கள், அவசரமில்லாமல். தவம் என்று கூப்பிடப் பார்த்தேன். "த" மட்டும் வந்தது, அதுவும் காற்றாக.

பிறகு நடந்ததை மிஸிஸ் கிளார்க் எனக்குச் சொன்னாள். தவம் தன் கட்டிலில் இருந்து என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். திரையை இழுத்திருக்கிறார். தன் மணியை அடித்துவிட்டு அது வேலை செய்யுதோ என்று பார்க்க நிற்கவில்லை. மருந்து ரியூப் தொங்கிய கம்பியையும் இழுத்துக்கொண்டு, ஒற்றைக் காலால் கெந்திக் கெந்தி நடைபாதைக்குப் போய், தனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதையும் போட்டுக் கத்தியிருக்கிறார்.

"நோ எயார். மை பிறதர், நோ எயார்."

பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மெசினோடு கிடந்தேன். தொண்டைக்குள் ரியூப், கதைக்க ஏலாது. ஓம் என்றால் ஒருதரம் கண் சிமிட்டவேண்டும், இல்லை என்றால் இரண்டு தரம். வாணியை உள்ளே விடமாட்டார்கள், சின்னப்பிள்ளை. அவள் தன் பள்ளிக்கூடப் புத்தகத்தை வாசித்து கசெற்றில் பதிந்து அனுப்பினாள். கனடாவின் ஏரிகளைப் பற்றிய பாடம். சரோ அதை என் காதில் மாட்டிவிட்டு, வேலைக் களைப்பில் கதிரையிலேயே நித்திரையாவாள். அவளுடைய தலை சரிந்து கட்டில் கம்பியில் முட்டும்போது எனக்குத் தாங்கிப் பிடிக்கக் கை இல்லை. அந்தப் பதினொரு நாளில் நான் அழுதது அதற்காகத்தான்.

அங்கே எனக்கு இரத்தத்தைக் கழுவினார்கள். அப்போது அது புது வைத்தியம். ஒரு கையால் இரத்தத்தை எடுத்து, மெசினில் சுற்றி, மஞ்சள் நீரைப் பிரித்து எறிவார்கள். ஆள்மாறித் தாக்குகிற பொருள் அந்த நீரில்தான் இருக்கிறதாம். புது நீர் சேர்த்து மற்றக் கையால் திருப்பி ஏற்றுவார்கள். நாலைந்து தரம் செய்தார்கள். "உமது உடம்பின் சொந்த ஆமியே உமது ஆட்களைச் சுடுகிறது, அதை நாங்கள் நிற்பாட்டப் பார்க்கிறோம்" என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அவருக்கு எங்கள் நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் ஒருதரம் கண் சிமிட்டினேன்.

ரியூப்பை எடுத்து என்னைத் திரும்பவும் அதே அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது திரை திறந்திருந்தது.  மத்தியானத் தட்டு வந்தது. தவத்தின் வீல்செயர் சத்தம் கேட்டது.

"வாயைத் திறவுங்கோ" என்றார்.

மூன்று கரண்டி போன பிறகு அவரே தொடங்கினார். "நீங்கள் மேல கிடக்கேக்கை அக்கா எல்லாம் சொன்னவ. வீடு எரிஞ்சது, நீங்கள் லீவு கேட்டது. நான் கேட்காமலே சொன்னவ."

"ஓம்."

"ஒண்டு கேக்கிறன். எங்களில எத்தினை பேர் எண்டு உங்கட காம்பில நினைச்சவங்கள்?"

"எங்கட கப்டன் ஆயிரம் எண்டு மேலிடத்துக்கு எழுதினவர். பின்னேரத்தில ஒழுங்கையள் முழுக்கச் சைக்கிள் லைற்றாத் தெரியும். போய்க்கொண்டே இருக்கும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். முதலில் அவருடைய தோள் குலுங்கியது, பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினாலு பேர் அண்ணை. பதினாலு பேரும் ஒன்பது சைக்கிளும். கோயிலைச் சுத்துற மாதிரிச் சுத்தித் திரிஞ்சம். கால் வலியில அடுத்த நாள் எழும்பேலாது."

எனக்குச் சிரிக்க நெஞ்சில் பலம் போதாது. கண்ணால் தண்ணீர் ஓடியது, அதையும் அவர்தான் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. எண்பது பேரும் பதினாலு பேரும் ஒருவரையொருவர் நினைத்து நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறோம். அந்த எண்பதில் ஐந்து பேருக்கு நானே கண் மூடிவிட்டேன். பதினாலில் இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டேன்.

"மூண்டு" என்றார்.

பிறகு ஒரு நாள், என் தோள்கள் மெல்ல அசையத் தொடங்கிய கிழமையில், அவர் கேட்டார். "எங்கட பெடியள் ஆரையும் பிடிச்சுக்கொண்டு வந்தவங்களோ?"

"ஒருத்தனை. இருபது வயசு வராது. கையில காயம். நான்தான் கழுவிக் கட்டினனான். தண்ணி குடுத்தனான். இரண்டாம் நாள் வேற இடத்துக்குக் கொண்டு போட்டாங்கள். என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது."

"தண்ணி குடுத்தனீங்கள்தானே."

"கேள்வி கேட்டவங்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கேள்வியளைத் தமிழில அவனிட்டைக் கேட்டதும் நான்தான்."

அவர் கரண்டியால் சோற்றைக் கிளறினார். "இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? நான் கேக்கேல்லையே."

"சொல்லாமல் விட்டா நீர் தீத்திற சோறு களவெடுத்தது மாதிரிக் கிடக்கு."

அவர் தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பார்க்கிங்கில் பனி தள்ளுகிற வாகனம் போய்வந்துகொண்டிருந்தது. பிறகு சொன்னார்.

"நான் ஒருத்தன்ர சப்பாத்தைக் கழட்டினனான். வீதியில கிடந்தவன், உயிர் இல்லை. நல்ல சப்பாத்து, எனக்குச் செருப்பும் இல்லை. கழட்டிப் பாத்தா உள்ளுக்குள்ள பேப்பர் மடிச்சுத் திணிச்சு வைச்சிருந்தான். அவனுக்கும் அது பெரிசு, அண்ணை."

"ஸ்ரோரில பெரிய சைஸ்தான் வரும்" என்றேன். "கேட்டாலும் மாத்தித் தரமாட்டாங்கள். காலில கொப்புளத்தோட எத்தினை பேர் என்னட்டை வந்து நிண்டவங்கள்."

"நானும் அந்தப் பேப்பரை எடுக்காமல்தான் போட்டனான்."

தட்டில் இருந்த சோறு ஆறிப்போயிருந்தது. அவர் அதைக் கொஞ்சம் சூப் விட்டுக் குழைத்து மிச்சத்தையும் தீத்திவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு உடம்பு திரும்பி வந்தது, போன வழியாலேயே, ஆனால் ஆறுதலாக, மெல்ல மெல்ல. மேலிருந்து கீழே. முதலில் தோள், பிறகு முழங்கை. ஒரு நாள் சரோ என் கையைப் பிடித்தபோது பெருவிரல் அவளுடைய விரலை மெல்ல அழுத்தியது. அவள் ஒருவருக்கும் சொல்லாமல் அரை மணித்தியாலம் அந்தக் கையை அப்படியே வைத்திருந்தாள், சொன்னால் போய்விடுமோ என்று பயம். உடற்பயிற்சிப் பெண் என்னை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினாள். முதல் நாள் நாலு விநாடி நின்றேன். இந்த வருத்தக்காரருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கணக்கை நாளில் பார்க்காதீர்கள், கிழமையில் பாருங்கள். நாளில் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரித்தான் இருக்கும்.

தவத்தின் ஆறு கிழமை மருந்து எனக்கு முன்னர் முடிந்தது. சீழ் வற்றிவிட்டது, கால் ஒரு அங்குலம் கட்டை, ஆனால் சொந்தக் கால். அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ரவியும் மற்றவரும் காரோடு வந்தார்கள். சனிக்கிழமை, சரோவும் நின்றாள். நான் சாய்கதிரையில் இருந்தேன். தவம் ஊன்றுதடிகளோடு நின்று தன் சாமான்களை ரவியிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவர் குணம் அண்ணை" என்றார் அவர்களுக்கு. "ஆமியில இருந்தவர். நாங்கள் பாண் எண்ணின அந்தக் காம்பிலதான். மருந்து கட்டினவர்."

சரோ என் கதிரையின் முதுகைப் பிடித்தாள். அவளுடைய பிடி கதிரையின் வழியாக எனக்குத் தெரிந்தது. மற்றவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். ரவி என்னையும் தவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நெடுத்த, மெலிந்த மனிதர், குளிர் கோட் கழுத்துவரை பூட்டியிருந்தது.

"சும்மா சொல்லுறியோ?" என்றார் தவத்திடம்.

"சும்மா இல்லை. எனக்கு டொக்டரிட்டை வாயாயிருந்தது இவர்தான்."

 நடைபாதையில் சாப்பாட்டு வண்டி போன சத்தம் கேட்டது. ரவி கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். கதவடிக்குப் போய் ஆரும் வருகினமோ என்று வெளியே பார்த்தார். பிறகு திரும்பி வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அண்ணை" என்றார், முகத்தைப் பார்க்காமல். "எனக்கு இந்தத் தோள்மூட்டுக்குள்ள ஒரு துவக்குச் சன்னத் துண்டு நிக்குது. இஞ்சத்தைக் குளிருக்கு நித்திரை கொள்ளேலாமக் குத்துது. டொக்டரிட்டைப் போனா எங்க பட்டது எண்டு கேப்பினம். நீங்கள் ஒருக்காப் பாப்பியளோ?"

பதிலுக்கு நிற்காமல் கோட்டின் பூட்டுகளைக் கழற்றி, சேட்டைத் தோளிலிருந்து இறக்கினார். வெள்ளையாக மினுங்கிய ஒரு சின்னத் தழும்பு. என் கை அப்போது மடிவரைதான் உயரும். சரோ அதைக் கண்டு என் முழங்கையைத் தூக்கிப் பிடித்தாள். நான் விரல்களை அந்தத் தழும்பில் வைத்தேன். விரல் நுனிகளுக்கு உணர்ச்சி இன்னும் வரவில்லை. தோலா எலும்பா இரும்பா என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இருக்கோ அண்ணை?"

"கொஞ்சம் பொறும்" என்றேன். "ஆறுதலாப் பாப்பம்."

அவர் கோட்டைத் திரும்பப் போடாமல் அப்படியே குந்திக்கொண்டிருந்தார்.